மூன்றாம் இரவுக் கொழுக்கட்டை

நோட்டோ மாகாண அலுவலகம்
எட்டாம் மாதம், முழுநிலவுக்கு மறுநாள்

தலைநகரில் இருக்கும் என் செல்ல மகள் சுசுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் கை, கால், வயிறு எல்லாம் இருந்த இடத்திலேயே நலமாக இருக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய்? உன் அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா, இல்லை, நாக்குக்கு ஏறிவிட்டதா என்று எழுது.

இங்கே கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. மணலில் நண்டு ஓடிய தடத்தைப் பார்த்து எங்கள் துணை ஆளுநர் நேற்று, "என்னய்யா, உம்ம அறிக்கை இங்க கிடக்கு?" என்றார். என் கையெழுத்தைத்தான் சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மேலதிகாரி சொல்வதற்குச் சிரிக்கும் அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். துணை ஆளுநருக்கு ஒரு தம்பி. நாற்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், குதிரை வளர்க்கிறார். உன்னைப் பெண் கேட்கிறார்கள். ஆள் கெட்டவர் இல்லை. குதிரையைப் பற்றி மட்டும்தான் பேசுவார், அதுவும் குதிரையிடம்தான் பேசுவார். பெரிய இடத்தில் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், என்னிடம் அது இல்லை. புத்தாண்டுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம், பனி உருகியதும் நீ இங்கே வரவேண்டுமாம். உன் மனதில் இருப்பதை எழுது.

போகட்டும். நம் அரண்மனைக் காவல் தலைவர் எப்படி இருக்கிறார்? அவர் முகத்தையும் புல்லாங்குழலையும் பற்றி இங்கே மீன் உலர்த்தும் பெண்கள்கூட விசாரிக்கிறார்கள். காமோ திருவிழா ஊர்வலத்தில் அவர் குதிரை என் காலை மிதித்த கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். போன மாதம் வரை மிதிபட்டது சுண்டுவிரல்தான். இப்போது முழுப் பாதம் ஆகிவிட்டது.

குளிர் வருமுன் சன்னல் தட்டிகளைச் சரிசெய்துகொள்.

நொண்டாமல் நடக்கும்,
உன் அப்பா

---

தலைநகர், ஐந்தாம் சாலை
ஒன்பதாம் மாதம், செவ்வந்தி விழா முடிந்த பின்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் உப்பு மீனும் வந்தன. இரண்டும் உங்களைப் போலவே மணந்தன. நான் நலம். அத்தையின் வலி முழங்காலிலும் இருக்கிறது, நாக்கிலும் இருக்கிறது.

நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டிய செய்தி ஒன்று. காவல் தலைவர் நம் வீட்டில் தங்கினார்.

அன்று காலை ஒருவர் கயிறும் கையுமாக வாசலில் வந்து நின்றார். பஞ்சாங்க அலுவலகத்தில் எழுத்தராம், பெயர் ஹருசுகே. அங்கிக் கை முழுக்க மை. சுவரை அளந்துகொண்டிருந்தவரிடம் அத்தை, "என்னப்பா, வீட்டை விலைக்கு வாங்கப் போறியா?" என்றார்.

"இல்லீங்கம்மா. வீடு எந்த மூலைல இருக்குன்னு பாக்குறேன்."

"நான் பொறந்த நாள்லேர்ந்து இதே மூலைலதான் இருக்கு. எங்கயும் போகல."

அவர் சிரித்தார். சிரித்ததில் கயிறு காலில் சிக்கி விழப் பார்த்தார். திசைத் தெய்வம் வடக்கே வந்து உட்கார்ந்துவிட்டதாம். அதனால் தலைவர் அரண்மனையிலிருந்து நேராக வடக்கே தன் வீட்டுக்குப் போகக் கூடாதாம். நம் பக்கம் வந்து ஓர் இரவு தங்கிவிட்டு, வேறு திசையாகச் சுற்றிப் போனால் தோஷம் இல்லையாம்.

மாலையில் தலைவர் வந்தார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வந்தது. அத்தை என்னைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, அங்கிக் கையின் ஓரம் வெளியே தெரியும்படி மூன்று தடவை மடித்துவிட்டார். தலைவர் ஒரு கவிதை சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் ஒரு தலையணை கேட்டார். பிறகு குறட்டைதான் கேட்டது.

காலையில் அத்தையிடம், "அம்மா, இந்த ஊர்லயே என்கிட்ட கவிதை கேக்காத வீடு இது ஒண்ணுதான். நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? மறுபடி வரலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்க, சாமி. ஆனா மழை வந்தா கூரை ஒழுகும்" என்றார் அத்தை.

கூரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹருசுகே நட்சத்திரம் பார்க்கக் கூரை ஏறிப் பழகியவராம். அவரே ஏறி அடைத்துவிட்டார்.

துணை ஆளுநரின் தம்பியுடைய குதிரைகள் நலம்தானே?

உங்கள்
சுசு

---

நோட்டோ
பத்தாம் மாதம், முதல் பனி

சுசு, என் தங்கமே,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: நலமா?

நீ சொன்னபடி உட்கார்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். பாதியில் எழுந்துவிட்டேன். எழுந்தவன் நேராக அலுவலகத்துக்குப் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். துணை ஆளுநர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் தம்பி முதல்முறையாக மனிதர் பக்கம் திரும்பி, "யாரு, அந்தத் தலைவரா?" என்றார். "அவரேதான். என் கால்ல மிதிச்ச அதே தலைவர்" என்றேன். இப்போது அலுவலகத்தில் என்னை "மாமனாரே" என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனால் கேட்கக் கேட்க இனிக்கிறது.

பார்த்தாயா, நான் தேடிய காரணம் நம் வீட்டு வாசலில் வந்து குறட்டை விடுகிறது. தலைவர் வந்துபோகும் பெண்ணைக் குதிரைக்காரருக்குக் கொடு என்று யார் கேட்பார்கள்?

அதனால் கொஞ்சம் கவனமாக இரு. தூபம் போடு. உப்பு மீனைப் பின்கட்டுக்கு மாற்று. ஒருவேளை அவர் கவிதை அனுப்பினால் பதிலுக்கு உதவட்டும் என்று நானே ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன். நிலவு, பைன் மரம், நனைந்த அங்கிக் கை, மூன்றும் இதில் உண்டு. ஓர் அசை அதிகமாக வந்துவிட்டது. கொடுப்பதில் நான் எப்போதும் தாராளம்.

பஞ்சாங்கக்காரர் கூரையை அடைத்தது நல்லது. அவருக்கு இரண்டு மீன் கொடுத்து அனுப்பிவிடு. அடுத்த கடிதத்தில் தலைவரைப் பற்றி நிறைய எழுது.

மாமனார் என்று அழைக்கப்படும்
உன் அப்பா

---

தலைநகர்
பத்தாம் மாதக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கவிதையைப் படித்து அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தலைவரைப் பற்றி நிறைய எழுதச் சொன்னீர்கள். மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் தூங்கினார். அவருக்கு மறதி அதிகம். முதலில் விசிறியை விட்டுவிட்டுப் போனார். எடுத்துப் போக ஹருசுகே வந்தார். அடுத்து புல்லாங்குழல். அதற்கும் ஹருசுகே. பிறகு ஒரு நாள் தன் தொப்பியையே விட்டுவிட்டுப் போனார். தொப்பியில்லாமல் தெருவில் போக எந்தப் பெரிய மனிதருக்கு மனம் வரும்? அத்தை கேட்டே விட்டார்: "ஏம்ப்பா, உங்க தலைவரு தலையை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போனாரா?"

ஹருசுகேவுக்கு மீன் கொடுத்தேன். நீங்கள் சொன்னதால்தான். மட்டமான மீன் என்று, தலைநகரத்து மனிதர்கள் மத்தி சாப்பிடுவதை வெளியே சொல்ல மாட்டார்கள். இவர் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முள்ளைக்கூட விடாமல் தின்றுவிட்டு, "இது நோட்டோ மீனா? அங்க கடல் எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியாத பக்கமா?" என்றேன். "பக்கம் தெரியும். பாத்ததில்ல" என்றார்.

போன வாரம் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். தலைவர் அவரைக் கூப்பிட்டு, "எனக்கு வடக்கு இன்னும் எத்தனை நாள் ஆகாது?" என்றார்.

"நேத்தே வழி விட்டாச்சுங்க. இன்னிக்கே கிளம்பலாம்."

"நல்லாப் பாருய்யா. கணக்கு தப்பியிருக்கும்."

"தப்பலீங்க."

பிறகு தலைவர் மெதுவாக ஏதோ சொன்னார். ஹருசுகேயின் காது சிவந்தது தட்டி வழியாகத் தெரிந்தது. "வாஸ்தவம்தாங்க. ஆனா கணக்கு அதில்லீங்களே" என்றார். தலைவர் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார். அன்றுதான் தொப்பியை மறந்தார்.

நோட்டோவுக்கு வருவதைப் பற்றி நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் அப்பா.

உங்கள்
சுசு

---

நோட்டோ
பதினோராம் மாதம், அறுவடைச் சடங்கு நாள்

என் அப்பாவி மகளுக்கு,

நலம். பனி இடுப்பளவு. உங்களுக்குக் கரி போதுமான அளவு இருக்கிறதா?

மகளே, உனக்கு இன்னும் விவரம் போதவில்லை. பெரிய மனிதர்கள் எதையும் மறப்பதில்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறார்கள். விசிறியை விட்டால் நினைவு. குழலை விட்டால் ஏக்கம். தொப்பியையே விட்டுவிட்டார் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தப் பஞ்சாங்கக்காரர் பாவம், இதெல்லாம் புரியாமல் நடையாய் நடக்கிறார்.

இங்கே நிலைமை இப்படி. துணை ஆளுநரின் தம்பி, "விருந்தாளியா தங்குறவன் எல்லாம் மாப்பிள்ளையா? மூணு ராத்திரி தொடர்ந்து வந்து கொழுக்கட்டை திங்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நியாயம்தான். மூன்றாம் இரவு பெண் வீட்டில் கொழுக்கட்டை தின்றால்தான் கல்யாணம் என்பது ஊர் வழக்கம்தானே. ஆனால் நோட்டோவுக்குக் கடிதம் வந்து, என் சம்மதம் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் எந்த மாப்பிள்ளையின் மனமும் ஆறிவிடும். அதனால் இப்போதே எழுதிக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடம் ஒரு மூட்டைப் பச்சரிசி அனுப்புகிறேன், கொழுக்கட்டைக்கு என்றே பொறுக்கியது. மனதுக்குப் பிடித்தவர் மூன்று இரவு தொடர்ந்து வந்துவிட்டால் என்னைக் கேட்க வேண்டாம். இதை உன் அத்தைக்கும் படித்துக் காட்டு: அக்கா, நீங்களே இடித்துப் பிடித்து வைத்துவிடுங்கள். பல் படாமல் மூன்று விழுங்கிவிட்டால் அவர்தான் என் மருமகன். இந்த ஊர்ப் பெரிய கோவிலான கேட்டா தெய்வத்தின் வாசலில் நின்று சொன்ன வாக்கு இது. மாற மாட்டேன்.

அரிசியில் கல் இருக்காது. இரண்டு தடவை நானே பார்த்தேன்.

உன் அப்பா

---

தலைநகர்
பன்னிரண்டாம் மாதம்

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம். அரிசி வந்தது. கல் இருந்தது.

நீ சொன்னபடியே எல்லாம் நடந்துவிட்டது. மூன்று இரவும் வந்தார். முதல் இரவு நான் செவிடாகிவிட்டேன், இரண்டாம் இரவு குருடாகவும் ஆகிவிட்டேன், பெரியவர்கள் செய்ய வேண்டியது அதுதானே. மூன்றாம் இரவு கடும் பனி, வர மாட்டாரோ என்று எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. வந்துவிட்டார். கொழுக்கட்டை வைத்தேன். பல் படாமல் மூன்றும் உள்ளே போயின. இரண்டாவது தொண்டையில் நின்றது, முதுகில் தட்டினேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். சுசு சிரித்துக்கொண்டே இருக்கிறாள். விவரமெல்லாம் அவளே எழுதுவாள், எனக்குக் கை வலிக்கிறது.

உன் அக்கா

---

நோட்டோ
முதல் மாதம், புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு நடுவில்

அக்காவுக்கும் என் மகளுக்கும்,

வாழ்க, வாழ்க. நான் நலத்துக்கும் மேலே இருக்கிறேன்.

அக்காவின் கடிதத்தை அலுவலகத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கல்லைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். துணை ஆளுநரின் தம்பி வந்து என் தோளைத் தட்டி, "சரி, விடுங்க. நல்ல எடம்" என்று சொல்லி, எனக்கு ஒரு கிழட்டுக் குதிரையைப் பரிசளித்துவிட்டுப் போனார். உண்மையிலேயே நல்ல மனிதர். எல்லோருக்கும் விருந்து வைத்தேன். நடனம் ஆடினேன், குதிரை மிதித்த அந்தக் காலையும் மறந்து.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். தலைவர் கொழுக்கட்டையைப் பற்றி என்ன சொன்னார்? நோட்டோ அரிசி என்று அவருக்குத் தெரியுமா?

மாமனார்.
இனி யாரும் கேலி செய்ய முடியாத மாமனார்.

---

தலைநகர்
முதல் மாதம், ஏழு கீரைக் கஞ்சி குடித்த நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் இதைப் படித்து முடிக்கும்போதும் நலமாக இருக்க வேண்டும்.

கொழுக்கட்டையைத் தின்றவர் ஹருசுகே.

அத்தை பெயரை எழுதாதது என் வேண்டுகோளால்தான். நானே எழுத வேண்டும் என்று நினைத்தேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் தூரிகையை எடுத்தேன். நீங்களோ தலைவர், தலைவர் என்று அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள்.

அன்று தலைவர் மெதுவாகச் சொன்னது என்ன என்று ஹருசுகே பிறகு சொன்னார். "நான் இங்க தங்கினாத்தானே நீ இங்க வர முடியும், முட்டாள். வடக்கை இன்னும் கொஞ்ச நாள் அடைச்சு வை." இவரை இங்கே அனுப்பத்தான் தலைவர் தன் பொருள்களை ஒவ்வொன்றாக மறந்தார். இவர் பொய்க் கணக்குப் போட மாட்டேன் என்றதும் தொப்பியையே மறந்துவிட்டார்.

மூன்றாம் இரவு பனியில் தெருவே மூழ்கிவிட்டது. அன்று வரவில்லையென்றால் முந்தைய இரண்டு இரவும் வீண். ஹருசுகேவிடம் வண்டி ஏது? தலைவர் தன் வண்டியைக் கொடுத்து, கூடவே கிளம்பினார். நாலாம் சாலையில் சக்கரம் புதைந்தது, மாடு படுத்துக்கொண்டது. தலைவர் பட்டு உடையோடு இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினாராம். "மாமாங்கமா இந்த ஊரு என்னைப் பாத்துப் பெருமூச்சு விடுது. இன்னிக்கு நான் விடுற பெருமூச்சை ஒருத்தரும் பாக்கலியே" என்று புலம்பிக்கொண்டே தள்ளினாராம். வாசலில் சேற்றோடு நின்றவரை அத்தை அடையாளம் தெரியாமல், "வண்டிக்காரரே, நீங்க அடுப்படிப் பக்கம் போய்க் குளிர் காயுங்க" என்று அனுப்பிவிட்டார். அவரும் போனார். அங்கே உட்கார்ந்து மத்தி மீன் தின்றார்.

அவர் குதிரை உங்கள் காலை மிதித்த கதையைச் சொன்னேன். மிகவும் வருந்தினார். இதோடு வருகிற பட்டுக் காலுறைகள் அவர் அனுப்பியவை.

அப்பா, எனக்குக் குதிரைக்காரர் வேண்டாம். தலைவரும் வேண்டாம். உங்களை அலுவலகத்தில் தலைகுனிய வைத்துவிட்டேன் என்பது மட்டும்தான் வருத்தம். நீங்கள் ஏற்றுக்கொண்டேன் என்று எழுதும்வரை என் சந்தோஷம் அரைச் சந்தோஷம்தான்.

உங்கள்
சுசு

---

தலைநகர்
மூன்றாம் மாதம், செர்ரிப் பூக்கள் கொட்டும் நேரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? பனி உருகி நோட்டோ ஆட்கள் வந்துவிட்டார்கள். உங்கள் கடிதத்தை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

தலைவர் பார்க்கும்போதெல்லாம், "மாமனார் எழுதிட்டாரா?" என்று கேட்கிறார். ஹருசுகேவுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று, "நானே நோட்டோ போய்க் கும்பிட்டுட்டு வர்றேன்" என்றார். அந்தத் திசை இந்த மாதம் முழுக்க அடைபட்டிருக்கிறது என்று பஞ்சாங்கத்தில் எழுதியவரே அவர்தான். "அடைபட்டிருக்கே" என்றேன். "தெரியும். இருந்தாலும் போறேன்" என்றார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஒருவேளை நீங்கள் புறப்பட்டு வந்தால் உதவட்டும் என்று, எந்த நாளில் எந்தப் பக்கமாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேண்டாமென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவரிடம் சொல்ல மாட்டேன்.

சுசு

---

வழியில், ஒரு மீனவர் குடிசையிலிருந்து
நான்காம் மாதம்

என் சுசுவுக்கும், மருமகன் ஹருசுகேவுக்கும்,

எழுதிவிட்டேன், பார்த்தாயா? மருமகன். இனி நீ முழுச் சந்தோஷமாக இருக்கலாம்.

நான் நலம். வந்துகொண்டிருக்கிறேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதலில் வெட்கம். ஊருக்கே விருந்து போட்டுவிட்டு, குதிரையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, எந்த முகத்தோடு எழுதுவது? பாயில் சுருண்டு படுத்துக்கொண்டேன். பொழுது போகாமல் உன் பழைய கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அவற்றில் நான் தலைவரை மட்டுமே தேடியிருக்கிறேன். அவரோ எல்லாவற்றிலும் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஹருசுகே ஒவ்வொரு பக்கத்திலும் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருக்கிறார். சுவர் அளக்கிறார், கூரை ஏறுகிறார், காது சிவக்கிறார். கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கத் தெரியாதவன்தான் அரசாங்க அறிக்கை எழுதுகிறேன். நாடு எப்படி நடக்கிறதோ.

பிறகு தைரியமாக அலுவலகத்துக்குப் போய், "மாப்பிள்ளை தலைவர் இல்லை, பஞ்சாங்க எழுத்தர்" என்றேன். சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். துணை ஆளுநர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க, உங்க மருமகன்தான் எந்தத் திசை எப்ப ஆகாதுன்னு எழுதுறவரா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டுல கிணறு வெட்டணும். எந்த மூலைன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

என்னை 'ங்க' போட்டு அவர் பேசியது அதுதான் முதல் தடவை. தலைவர் என்றால் ஆளுக்கு ஒரு பெருமூச்சோடு முடிந்துவிடும். பஞ்சாங்கக்காரர் இல்லாமல் இங்கே ஒருவர் வாசற்படி தாண்ட மாட்டார். அவர் தம்பியும் குதிரை லாயத்தை எந்தத் திசை பார்க்கக் கட்டலாம் என்று கேட்டிருக்கிறார். குதிரையைத் திருப்பிக் கேட்கவில்லை. அதன் மேல்தான் வருகிறேன், நடப்பதைவிடக் கொஞ்சம் மெதுவாக.

மேலதிகாரியே விடுப்பும் கொடுத்து அனுப்பினார். கடிதம் எனக்கு முன்னால் போகாது என்பதால் எழுதவில்லை. போகும் என்று இப்போதுதான் தெரிகிறது. மருமகனின் கணக்குப்படி இந்தக் கடற்கரையில் மூன்று இரவு காத்திருந்து, பிறகு தெற்கே திரும்ப வேண்டுமாம். வாழ்நாளில் யார் பேச்சையும் கேட்காத நான் உட்கார்ந்துவிட்டேன். நாளை காலையில் தலைநகர் போகும் உப்பு வண்டிக்காரனுக்குத் திசை தோஷமெல்லாம் கிடையாது. அதனால் இந்தக் கடிதம் முந்திக்கொள்ளும்.

இங்கே இன்னொன்றும் நடந்தது. இந்தக் குடிசைக்காரம்மா கணவனை இழந்தவள். நன்றாகச் சமைப்பாள், சத்தமாகச் சிரிப்பாள். இன்று மூன்றாம் இரவு. சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூன்று கொழுக்கட்டை.

எனக்கு வேர்த்துவிட்டது. "என்னங்க, பிடிக்காதா?" என்றாள்.

"பிடிக்கும்மா. அதனாலதான் பயமா இருக்கு" என்றேன்.

உப்பு வண்டிக்காரனைக் கூப்பிட்டுச் சாட்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு கடியிலும் பல் பட்டது ஊருக்கே கேட்கும்படி மென்று, இரண்டு மட்டும் தின்றேன். அவள் சிரித்த சிரிப்பில் குதிரை விழித்துக்கொண்டது.

மூன்றாவதை இலையில் பொதிந்து வைத்திருக்கிறேன். மருமகன் வந்து வாங்கிக்கொள்ளட்டும். பட்டுக் காலுறையை மிதிபட்ட காலில் மட்டும் போட்டிருக்கிறேன் என்று தலைவரிடம் சொல். அவருக்குத் தலையணையைத் தயாராக வை. நானும் அவரும் ஒரே அறையில் குறட்டை விடுவோம்.

அக்காவிடம் சொல்: இந்த முறை நான் கொண்டுவரும் அரிசியில் கல் இருக்காது. மூன்று தடவை பார்த்தேன்.

கூரை ஒழுகாத வீட்டை நோக்கிச் சுற்று வழியில் வந்துகொண்டிருக்கும்,
உங்கள் அப்பா